பெரம்பலூர் டெய்லரும் ஐரீனின் காலரும்

1

இந்த வாரம் எனக்குத் தபாலில் ஒரு புத்தகம் வந்தது. துணிக்கலை பற்றிய புத்தகம். துணியோடு காகிதம், பெயின்ட், மெழுகு, கம்பி என்று கையில் கிடைத்ததை எல்லாம் சேர்த்துத் தைத்துச் சுவரில் மாட்டும் படங்கள் செய்வது எப்படி என்று சொல்லித் தருகிறது. கெட்டி அட்டை, வழவழ தாள், பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் புகைப்படம். அதில் தொண்ணூற்று நாலாம் பக்கத்தில் என் பெயர் இருக்கிறது. முத்துக்குமார், டெய்லர், பெரம்பலூர்.

ஊரில் என் கடைக்குப் போர்டு எழுதி மாட்டியபோதுகூட என் பெயரை நான் இத்தனை தடவை படித்ததில்லை. என் மனைவி செல்வி அதை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வார்டில் உள்ள அத்தனை பேருக்கும் காட்டிவிட்டு வந்தாள். இரண்டு நோயாளிகளுக்கும் காட்டினாளாம். பெருமையாகத்தான் இருக்கிறது. அடக்கமாக இருக்க வேண்டும் என்று பார்த்தேன், முடியவில்லை.

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், சைக்கிள் கடைக்கு மாடியில், தொண்ணூற்று ஐந்திலிருந்து ஆறு வருடம் சட்டையும் பேன்ட்டும் தைத்துக்கொண்டிருந்தவனை யாருக்காவது நினைவிருந்தால், அது நான்தான். தீபாவளிக்கு முந்தின நாள் உங்களை வாசலில் காத்திருக்க வைத்திருந்தால் மன்னியுங்கள்.

2

நாங்கள் இங்கிலாந்துக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. செல்வி அரியலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தாள். இங்கே நர்சுகளுக்கு ஆள் தேவை என்று இன்டர்வியூ நடந்தது, போனாள், தேர்வானாள். அவளுடைய விசாவில் தொற்றிக்கொண்டு நானும் எங்கள் மகள் கயல்விழியும் வந்தோம். நாங்கள் இருப்பது வடக்கே ஒரு சின்ன ஊர். ஒரு காலத்தில் நூல் மில்கள் ஓடிய ஊராம். இப்போது மில் கட்டிடங்களில் கார் நிறுத்துகிறார்கள்.

விசா நீட்டிப்புக்குப் போனபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். மகள் பிறந்தது அரியலூரில், அவள் பிறப்புச் சான்றிதழில் திருச்சி மாவட்டம். என் பாஸ்போர்ட்டில் பெரம்பலூர் மாவட்டம். செல்வி பாஸ்போர்ட் எடுத்த வருடம் அரியலூர் தனி மாவட்டமாகியிருந்தது, அதனால் அவளுக்கு அரியலூர் மாவட்டம். அடுத்த வருடமே அது திரும்பப் பெரம்பலூரோடு சேர்ந்துவிட்டது. கவுன்டரில் இருந்த பெண், "குடும்பம் அடிக்கடி இடம் மாறியிருக்கிறதே, ஏன்?" என்று கேட்டாள். நாங்கள் யாரும் நகரவில்லை, மாவட்டம்தான் நகர்ந்தது என்று விளக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. அவள் நம்பினாளா என்று தெரியாது, முத்திரை மட்டும் குத்தினாள்.

வேலைக்கான அலுவலகத்தில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. என்ன தொழில் என்றார்கள். டெய்லர் என்றேன். சான்றிதழ் எங்கே என்றார்கள். நான் போட்டிருந்த சட்டையைக் காட்டினேன், நானே தைத்தது. அதிகாரி சட்டையைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்தார். கடைசியில் ஒரு சாண்ட்விச் கம்பெனியில் போட்டார்கள். ஒரு ரொட்டிக்கு நாலு வட்டம் வெள்ளரிக்காய். அதைத்தான் நாலைந்து வருடமாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.

செல்வி சேர்த்து வைத்து ஒரு பழைய தையல் மிஷின் வாங்கித் தந்தாள். அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் சொல்லிவைத்தேன். ஒருவரும் ஒரு முழத் துணியை என் கையில் கொடுக்கவில்லை. கிழிந்தால் இங்கே தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குகிறார்கள். மகள் பள்ளியில் கயல்விழி என்ற பேர் போய்க் 'கேய்' ஆகிவிட்டாள். வீட்டில் நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில். உங்கப்பா என்ன செய்கிறார் என்று தோழிகள் கேட்டால், "சாண்ட்விச்சில் வெள்ளரிக்காய் வைக்கிறார்" என்று சொல்வதை என் காதாலேயே கேட்டேன். அவள் பொய் சொல்லவில்லை, அதுதான் எனக்குச் சுட்டது. ஒரே ஒரு ஆள், இந்த ஊரில் ஒரே ஒரு ஆள், இதைத் தைத்துக் கொடு என்று வந்துவிட்டால் போதும் என்று இருந்தது.

3

மகளோடு நூலகத்துக்குப் போன ஒரு நாள், சட்டை வெட்டும் புத்தகம் ஏதாவது இருக்குமா என்று தேடினேன். தையல் அலமாரியில் இருந்தவை எல்லாம் வேறு மாதிரி. ஒரு புத்தகத்தைத் திறந்தால் துணியை மெழுகுவர்த்தியில் காட்டி ஓரத்தைக் கருக்கியிருக்கிறார்கள். இன்னொன்றில் ஆணியைத் துணியில் சுற்றி வினிகரில் ஊறவைத்துத் துருக்கறை ஏற்றியிருக்கிறார்கள். டீத்தண்ணீரில் முக்குவது, பிளாஸ்டிக் உறையைத் துணிமேல் வைத்து இஸ்திரிப் பெட்டியால் உருக்குவது, அதன்மேல் கோணல்மாணலாக மிஷின் ஓட்டுவது. எதிலும் பிசிறு வெட்டவில்லை. வெட்டிய ஓரத்தில் பிரிந்து நிற்கும் நூலைத்தான் நாங்கள் பிசிறு என்போம். அது தொங்கத் தொங்க அப்படியே புகைப்படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். எனக்குக் கோபமே வந்தது. நாலு புத்தகம் எடுத்துக்கொண்டு வந்து செல்வியிடம் காட்டினேன்.

அவள் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்க, பாடாலூர் வாத்தியார் பேன்ட்ட இஸ்திரிப் பெட்டியால சுட்டுட்டு ஒரு வாரம் கடையப் பூட்டிட்டு ஒளிஞ்சிருந்தீங்களே. இங்க பாருங்க, அதுக்குத் தனியா ஒரு பாடமே இருக்கு" என்றாள்.

கோபத்தோடுதான் படித்தேன், ஆனால் படித்தேன். நூலைத் துணிமேல் படுக்க வைத்து, குறுக்கே சின்னச் சின்னத் தையலாக மேலிருந்து பிடிக்கும் ஒரு முறை எனக்குப் பிடித்துப்போயிற்று. படுக்கிற நூல் துணிக்குள் போகவே போகாது. மேலேயே கிடக்கும். ஆறு வருடம் கடை வைத்திருந்தவனுக்கு இது தெரியாமல் போயிற்றே என்று வெட்கமாக இருந்தது. நூலகத்தில் இருந்த அம்மா நான் அதே புத்தகங்களைத் திரும்பத் திரும்ப எடுப்பதைப் பார்த்து, மாடியில் செவ்வாய்தோறும் இதற்கு வகுப்பு நடப்பதாகச் சொன்னார். செவ்வாய்க்கிழமை எனக்கு வெள்ளரிக்காய் விடுமுறை.

4

வகுப்பில் பதினொரு பெண்கள், நான் ஒருவன் ஆண். ஆசிரியை ஹெலன் என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர். அவர்தான் இந்தப் புத்தகத்தை எழுதிக்கொண்டிருந்தார். வகுப்பில் உள்ள ஒவ்வொருவரின் வேலையும் புத்தகத்தில் ஒரு பக்கம் வரும் என்றார். ஹெலனைப் பேர் சொல்லிக் கூப்பிடப் பழகிவிட்டேன். ஆனால் என் பக்கத்தில் உட்கார்ந்த ஐரீனுக்கு எழுபது வயதிருக்கும். அவரை எப்படிப் பேர் சொல்லிக் கூப்பிடுவது? "ஐரீன் மேடம்" என்றேன். மேடம் வேண்டாம் என்று அவர் நாலு வாரம் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

ஐரீனின் கணவர் கென் பஸ் டிரைவராக இருந்து இறந்தவர். அவருடைய நாலு சட்டைகளை வெட்டி ஐரீன் ஒரு படம் செய்துகொண்டிருந்தார். அவர் ஓட்டிய வழித்தடத்தின் காகித வரைபடம், பழைய பஸ் டிக்கெட்டுகள், சட்டைத் துணிப் பட்டைகள் எல்லாம் ஒட்டியும் தைத்தும் இருந்தன. நட்டநடுவில் ஒரு சட்டைக் காலர், முழுதாக. ஒட்டுமொத்தமும் ஒரு தலையணை கனம். என்னுடைய வேலை எதுவும் புத்தகத்துக்குத் தேறவில்லை. கோணலாகத் தை என்றால் எனக்குக் கை வருவதில்லை. மிஷினைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினாலும் நேராகத்தான் போகிறது.

வெள்ளிக்கிழமை புகைப்படக்காரர் வரப்போகிறார் என்ற நிலையில், அதற்கு முந்தின வாரம் ஐரீன் தன் படத்தைச் சுருட்டி என் கையில் கொடுத்தார். "இதுக்குப் பின்னால ஒரு துணி வைத்துத் தைத்துத் தர முடியுமா? என் மிஷின் இந்தக் கனத்தைத் தாங்காது" என்றார்.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று நினைவில்லை. இந்த நாட்டில் என் கைக்கு வந்த முதல் துணி. பின்துணியை மூலைகள் பிசகாமல் வைத்துத் தைத்தேன். தைத்துத் திருப்பிப் பார்த்தால் முன்பக்கம் எங்கும் பிசிறு. பட்டைகளின் ஓரமெல்லாம் நூல். காலரின் மடிப்பு தேய்ந்து, நார்நாராக நின்றது. பெரம்பலூரில் எந்த டெய்லராவது பிசிறோடு ஒரு உருப்படியைத் திருப்பிக் கொடுப்பானா? பாவம், வயதான அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை போல, நாமே முடித்துக் கொடுப்போம் என்று கத்தரியை எடுத்தேன். ஒரு நூல் விடாமல் வெட்டினேன். காலரின் தேய்ந்த மடிப்பை உள்ளே மடக்கிக் கண்ணுக்குத் தெரியாத ஊசித் தையல் போட்டேன். இஸ்திரி போட்டுப் புதுச் சட்டை மாதிரி கவரில் வைத்தேன். சும்மா சொல்லக் கூடாது, அற்புதமான வேலை.

5

செவ்வாய்க்கிழமை ஐரீன் கவரைப் பிரித்தார். பின்துணியைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு முன்பக்கம் திருப்பினார். விரல் நேராகக் காலருக்குப் போயிற்று. அங்கேயே நின்றது.

"எங்கே?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "சுத்தம் பண்ணிட்டேன் மேடம். அதுக்குத் தனியா காசு எதுவும் வேண்டாம்" என்றேன் சிரித்துக்கொண்டே.

அவர் எழுந்து வெளியே போனார். ஹெலன்தான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். "முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்து, அந்தக் கழுத்து இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பித் தேய்த்த இடம் அது. ஐரீன் அந்தப் பிசிறுக்காகத்தான் இந்தப் படத்தையே செய்தாங்க."

என் காது இரண்டும் சூடாகிவிட்டது. செத்துப்போன மனுஷனின் கழுத்தை வெட்டிவிட்டு, அற்புதமான வேலை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். இனி இந்த வகுப்பு இல்லை, இந்த ஊரில் தையலும் இல்லை, வெள்ளரிக்காய்தான் என்று எழுந்தேன். அப்போது ஹெலன் கவருக்குள்ளிருந்து ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை எடுத்து, "இது என்ன?" என்றார்.

அது என்ன என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. நம் பக்கம் டெய்லர் என்றாலே துணி திருடுகிறவன் என்று பாதிப் பேருக்கு நினைப்பு. நான் கடை வைத்த புதிதில் லெப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு ஹாஜியார் துபாய்த் துணி கொண்டுவந்து சட்டை தைக்கக் கொடுத்தார். சட்டையை வாங்கிக்கொண்டு, கடை நிறைய ஆள் இருக்கும்போது கேட்டார்.

"தம்பி, ரெண்டரை மீட்டர் குடுத்தேன். மீதி ஒன் மவனுக்குச் சட்டை ஆயிடுச்சாக்கும்?"

"எனக்கு மவனே இல்லீங்க ஹாஜியார், மவ ஒண்ணுதான்."

"அப்பப் பாவாடை ஆயிருக்கும்."

கடையே சிரித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றிலிருந்து, வெட்டியது எதுவாக இருந்தாலும், ஒரு விரல் அகலத் துண்டாக இருந்தாலும், பொட்டலம் கட்டிப் பேரெழுதி உருப்படியோடு வைத்துத்தான் கொடுப்பேன். அடுத்த தடவை ஹாஜியார் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து, "மாஷா அல்லாஹ், நூலைக்கூட வச்சிருக்கானே" என்றார். அதற்குப் பிறகு அவர் குடும்பமே என் கடைக்குத்தான் வந்தது.

ஐரீனின் பொட்டலத்திலும் எல்லாம் இருந்தது. காலர் நூல் தனி மடிப்பில், பட்டை நூல் தனி மடிப்பில். ஐரீன் திரும்பி வந்தபோது அதை விரித்து அவர் முன்னால் வைத்தேன். என் ஆங்கிலத்தில், "இது உங்களுடையது. ஒன்றும் போகவில்லை. மூன்று நாள் கொடுங்கள், திரும்ப வைக்கிறேன்" என்றேன். அவர் படத்தை மேசையிலேயே விட்டுவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு போனார். எடுத்துக்கொண்டு போகாமல் விட்டுவிட்டுப் போனாரே, அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

6

கம்பெனிக்கு மூன்று நாள் லீவு சொன்னேன். முதல் வேலை, நான் போட்ட தையலைப் பிரிப்பது. கண்ணுக்குத் தெரியாத தையல் போட்டவனுக்கே அது கண்ணுக்குத் தெரியவில்லை. என் கைத்திறமையை நானே திட்டிக்கொண்டு பிரித்தேன்.

அடுத்து நூல்கள். ஒவ்வொன்றும் அரை அங்குலம், கால் அங்குலம். எண்ணவில்லை, எண்ணினால் கை பயந்துவிடும். நூலகப் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு, அந்தப் படுக்க வைத்துப் பிடிக்கும் தையலைத்தான் போட்டேன். நூலின் அடியை மட்டும் காலரில் படுக்க வைத்து இரண்டு பிடி, நுனி காற்றில். பிடிக்கிற நூல் தெரியக் கூடாது என்று அதே சட்டையின் உள்மடிப்பிலிருந்து ஒரு இழை உருவி ஊசியில் கோத்தேன். செல்வி ஆஸ்பத்திரி இடுக்கி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "ஆபரேஷன் தியேட்டர்ல கூட டாக்டருங்க இப்படி மூச்ச புடிச்சிக்கிட்டு நிக்க மாட்டாங்க. விட்டு விட்டு மூச்சு விடுங்க" என்றாள்.

எந்த நூல் எங்கே இருந்தது என்பதற்கு ஹெலன் முன்பே எடுத்துவைத்திருந்த புகைப்படங்கள் இருந்தன. அதைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். பள்ளி விட்டு வந்த மகள், "அப்பா ஏன் குப்பையைத் தைக்கிறார்?" என்று அம்மாவிடம் ஆங்கிலத்தில் கேட்டாள். செல்வி விஷயத்தைச் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே வந்து புகைப்படத்தை எடுத்துப் பார்த்து, "இல்லப்பா, அது கீழ. நீளமா இருக்கறது இந்தப் பக்கம்" என்றாள். தமிழில் சொன்னாள். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை, பார்த்தால் எங்கே நிறுத்திவிடுவாளோ என்று பயம். வியாழன் சாயங்காலம் சாப்பாட்டு நேரம்வரை அவள் என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை புகைப்படக்காரர் விளக்கு மாட்டிக்கொண்டிருந்தபோது ஐரீன் வந்தார். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு காலரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பினார். சாய்த்தார். புறங்கையால் பிசிறைத் தடவினார். அது நெடுநேரம் போல இருந்தது எனக்கு.

"கென்னின் காலர்தான்" என்றார். அவ்வளவுதான். படத்தைக் கொண்டுபோய் விளக்குக்குக் கீழே வைத்தார்.

பின்பு பதிப்பகத்திலிருந்து படிவம் வந்தபோது அந்தப் பக்கத்துக்கு இரண்டு பெயர் போட வேண்டும் என்று சொன்னது ஐரீன்தான். என் பெயருக்கு நேரே ஹெலன் 'துணிக்கலைஞர்' என்று எழுதியிருந்தார். நான் அடித்துவிட்டு டெய்லர் என்று எழுதினேன். கலைஞர் என்றால் ஊரில் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

7

புத்தகம் வந்த மூன்றாம் நாள், மத்தியானம், அழைப்பு மணி அடித்தது. ஐரீன் ஒரு துணிப்பையோடு நின்றிருந்தார். அதற்கு முன்னால் அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. உள்ளே வந்து உட்கார்ந்து, செல்வி கொடுத்த டீயைப் பாதி குடித்துவிட்டுப் பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்தார். நீலக்கோடு போட்ட சட்டை, வெட்டுப்படாத முழுச் சட்டை.

"கென்னின் ஐந்து சட்டை வைத்திருந்தேன். இதை மட்டும் வெட்ட எனக்கு மனசு வரவில்லை. படத்துக்கு வேண்டாம். நான் போட்டுக்கொள்கிற மாதிரி அளவு குறைத்துத் தர வேண்டும். நீங்கள் வெட்டுங்கள்" என்றார்.

நான் சட்டையை வாங்கிக்கொண்டேன். இந்தத் தடவை முதலில் கேட்டேன். எதை வெட்டலாம், எதைத் தொடவே கூடாது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டேன். காலரைத் தொடக் கூடாது. இடது கை முனையில் ஒரு மைக்கறை இருக்கிறது, அதுவும் இருக்க வேண்டும். பாக்கெட் இருக்க வேண்டும்.

ஆறு வருடக் கடையில் நான் பெண்களுக்கு அளவு எடுத்ததில்லை. மகளைக் கூப்பிட்டேன். அவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். வழக்கமாக நாலு தடவை கூப்பிட்டால்தான் திரும்புவாள். இன்று முதல் தடவையிலேயே, "அப்புறம் பேசறேன், எங்கப்பாவுக்குக் கஸ்டமர் வந்திருக்காங்க" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வைத்தாள். டேப்பை வாங்கி ஐரீனின் தோளில் வைத்து அவள் அளவைச் சொல்லச் சொல்ல, நான் எழுதினேன்.

ஐரீன் கோட்டை மாட்டிக்கொண்டே, "எப்போது வரட்டும்?" என்று கேட்டார்.

ஒரு மத்தியான வேலை. நாளைக் காலையில் கொடுத்துவிடலாம். செல்வி கதவோரத்தில் நின்று என்னைப் பார்த்தாள், மகளும் பார்த்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, அடுத்த வெள்ளிக்கிழமை வரச் சொன்னேன். நாளைக்கே வாங்க என்று சொல்கிறவன் கையில் வேலை இல்லாத டெய்லர்.